கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்கம்மா

ஷிப்ட் இன்சார்ஜ் வந்து நின்று 'இன்னிக்குக் கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்கம்மா' என்றால், இரண்டரை மணி பஸ் நமக்கில்லை என்று அர்த்தம். ஒரகடத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 'கொஞ்சம்' என்றால் நாலு மணி நேரம். 'சப்போர்ட்' என்றால் ஓ.டி. கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற அந்த 'ம்மா'வுக்குத்தான் எனக்கு இன்னும் அர்த்தம் பிடிபடவில்லை.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டி, காருக்கு ஒயர் ஹார்னஸ் செய்கிற ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். ஆபரேட்டராகச் சேர்ந்து மேலே வந்தவள். ஒரு காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் கட்டாகக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி அனுப்புவது எங்கள் வேலை. ஆளுயரப் பலகைகள் கன்வேயரில் நகர்ந்துகொண்டே இருக்கும். பலகையோடு நாமும் நாலடி நடந்தபடி நம் பங்கு ஒயரைப் போட்டு முடிக்க வேண்டும். டெர்மினலைக் கனெக்டருக்குள் தள்ளினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் இரைச்சலில் அந்தச் சத்தம் பாதி நேரம் காதுக்கு வராது, விரல் நுனிக்குத்தான் தெரியும். அந்த உணர்வு பிடிபட்டுவிட்டால் நீ ஆபரேட்டர். இதெல்லாம் பெண்கள் வேலை என்று யார் முடிவு செய்தார்களோ தெரியாது; எங்கள் லைனில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள்.

திட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. மெஷின் செட்டர் ஒருவர் எருமை என்று தொடங்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். ஆனால் அவர் மேல் யாருக்கும் வருத்தமில்லை. டீ டைமில் அவருக்கும் சேர்த்து முறுக்கு எடுத்து வைப்பார்கள். திட்டுக்குத் திருப்பித் திட்டலாம், இல்லாவிட்டால் சிரிக்கலாம். 'கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க' என்பதற்கு என்ன பதில் சொல்வது? கேள்வி போலக் கேட்பார்கள், பதிலும் அவர்களே வைத்திருப்பார்கள். 'முடியாது சார்' என்றால் சப்போர்ட் பண்ணாத ஆள். அடுத்த மாதம் லீவு கேட்கும்போது அது நினைவில் இருக்கும். எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி. மரியாதையாகப் பேசி, மறுக்கும் வழியை மட்டும் அடைத்துவிடுகிற வார்த்தைகள் இவை.

லைன் லீடராக இருப்பதால் இந்த வார்த்தைகளைக் கேட்பதைவிட நான் சொல்வதுதான் அதிகம். மேலே இருந்து 'மேனேஜ் பண்ணிக்கோங்க' என்று வரும். நான் அதைக் கீழே 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று இறக்கிவிடுவேன். ஆள் வராவிட்டால் அட்ஜஸ்ட். ஒயர் நீளம் குறைந்து வந்தால் அட்ஜஸ்ட். கேன்டீனில் குழம்பு தீர்ந்தால் ரசத்தோடு அட்ஜஸ்ட். லாரி வாசலில் நின்றால் எல்லாவற்றையும் சேர்த்து அட்ஜஸ்ட். கார் கம்பெனியின் லைன் நின்றால் நிமிடக் கணக்கில் எங்களுக்கு டெபிட் போடுவார்கள். அந்தப் பயம் படி படியாக இறங்கிக் கடைசியில் ஆரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் இரண்டரை மணி பஸ்ஸில் வந்து முடியும். அவள் காலையில் மூன்றரைக்கு எழுந்து நான்கு மணிக்கு ரோட்டோரம் நின்று ஏறி வந்தவள்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 59-வது பிரிவு ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்றது. அதற்கும் ஒரு வார்த்தை கண்டுபிடித்திருக்கிறார்கள்: 'காம்ப் ஆஃப்'. இன்றைக்கு நின்று வேலை பார், பிறகு ஒருநாள் லீவு எடுத்துக்கொள். அந்த ஒருநாள் எது என்று கேட்டால் 'பார்த்துக்கலாம்'. இந்தப் 'பார்த்துக்கலாம்' தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். கல்யாண மண்டபத்திலும் சொல்வார்கள், தாலுகா ஆபீஸிலும் சொல்வார்கள். ஆனால் மாதச் சம்பளச் சீட்டில் அது ஒரு வரியாக இல்லாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே பல் கூசும்.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்த மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை என்று அதைப் பேசினோம். அரசுத் தரப்பில் சொன்ன விளக்கம், இது எல்லோருக்கும் அல்ல, விருப்பப்படுகிறவர்களுக்குத்தான் என்பது. டிவியில் அந்தச் செய்தி ஓடும்போது எங்கள் கேன்டீனில் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள்! விருப்பம் என்ற சொல் எங்கள் லைனில் எப்படி வேலை செய்யும் என்று அமைச்சர்களைவிட எங்களுக்குத் தெரியும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்று நாள் கழித்து, 24-ம் தேதி, மசோதாவை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். எனக்குத் தெரிந்து ஒரு வார்த்தையை நம்பாததால் நாங்கள் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் லைனில் பெண்களிடம் கேட்டால் ஓ.டி.யைவிட முதலில் சொல்வது வேறொன்றை. 'இப்பத்தானே போனே?'

பலகை நகர்ந்துகொண்டே இருப்பதால் இடத்தைவிட்டு நகர முடியாது. அவசரம் என்றால் கை தூக்கி ரிலீவரைக் கூப்பிட வேண்டும். ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்றால்தான் பாத்ரூம் போகலாம். லைன் முழுக்க ஒரே ரிலீவர். ஆள் குறைவான நாளில் அவரையும் ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். அப்போது கை தூக்கினால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்பதுதான் இந்த 'இப்பத்தானே போனே?' இரண்டே வார்த்தை, அதட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. கேட்ட மாத்திரத்தில் பக்கத்து நாலு ஸ்டேஷனும் திரும்பிப் பார்க்கும். அதற்காகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். கோடையில் அதன் விலை நீர்க்கடுப்பு. மாதத்தில் அந்த நாலு நாளில் அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்வாள்? பதில் சொல்லக்கூடாத கேள்வியை ஊருக்கு முன்னால் கேட்பதற்கு என்ன பெயர் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

பயிற்சி வகுப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. ஜப்பான் வார்த்தைகள் எங்கள் சுவரெல்லாம் தொங்கும்: கைசென், முடா, ஆண்டன், கெம்பா. டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ பழக்கத்துக்குக் கொண்டுவந்த 'ஐந்து ஏன்' எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தப்பு நடந்தால் ஏன் என்று கேள், வந்த பதிலுக்கும் ஏன் என்று கேள், ஐந்து தடவை போனால் வேர் தெரியும் என்பார். எங்கள் ஊரில் முதல் 'ஏன்' கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது கேள்வி 'யாரு?' என்று மாறிவிடும். கனெக்டர் சரியாக உட்காராத ஹார்னஸ் ஒன்று கஸ்டமரிடம் போய்விட்டது என்று வையுங்கள். யாரு போட்டது? பதினாலாவது ஸ்டேஷன். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ரிப்போர்ட்டில் மூலகாரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ்', எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'ரீட்ரெயினிங் கொடுக்கப்பட்டது'. அந்த வாரம் வந்த டெர்மினலில் லாக் தேய்ந்திருந்ததா, கிரிம்ப் உயரம் மாறியதா, அந்தப் பெண் தொடர்ந்து எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள் என்பதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது. 'கேர்லெஸ்' என்பது இங்கே ரொம்ப மலிவான வார்த்தை. ஸ்பேர் பார்ட்டுக்குச் செலவாகும், கேர்லெஸ் என்று எழுத மையைத் தவிரச் செலவில்லை.

இதே ஜப்பானில் நடந்த ஒரு சங்கதியை எங்கள் குவாலிட்டி ஆள் ஒருவர் சொல்லிக் கேட்டேன். பிறகு புத்தகத்திலும் பார்த்தேன். தப்பாக மாட்டவே முடியாதபடி ஒரு பொருளை அமைப்பதை அந்தக் காலத்தில் 'பாகா-யோகே' என்றார்கள்: முட்டாளும் கெடுக்க முடியாத ஏற்பாடு. எங்கள் கனெக்டர் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும், அதுவும் இந்த வகைதான். 1963-ல் அரகாவா பாடி என்ற தொழிற்சாலையில் ஒரு பெண்ணின் ஸ்டேஷனில் இதைப் பொருத்தியபோது, நான் அவ்வளவு முட்டாளா என்று கேட்டு அழுதுவிட்டாள், மறுநாள் வேலைக்கும் வரவில்லை. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதைக் கேள்விப்பட்டுப் பெயரையே மாற்றினார். 'போகா-யோகே', அதாவது கைத்தவறு நேராமல் காப்பது. உலகம் முழுக்க இன்று அந்தப் பெயர்தான். எங்கள் சுவரிலும் போகா-யோகே என்றுதான் தொங்குகிறது. அதன் கீழே நின்றுகொண்டு 'ஃபூல் ப்ரூஃப் பண்ணியாச்சு சார்' என்று ஆடிட்டருக்கு விளக்குகிறார்கள்.

பெயர் மாற்றுவதில் எங்கள் வட்டாரமும் சளைத்ததில்லை. லேபர் என்பது ஆபரேட்டர் ஆனது, ஆபரேட்டர் அசோசியேட் ஆனார், இப்போது டீம் மெம்பர். காலையில் எண்ணும்போது மட்டும் 'மேன்பவர் எத்தனை?' ட்ரெய்னி என்ற வார்த்தை இன்னும் விசேஷம். 1961-ன் அப்ரண்டீஸ் சட்டம், 18-வது பிரிவு, பயிற்சியில் இருப்பவர் தொழிலாளர் அல்ல என்கிறது. நியாயம்தான், கற்றுக்கொள்கிறவர் வேறு. ஆனால் கனெக்டர் மாட்டுவது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மூன்றாம் வருடமும் ஒரு பெண்ணை ட்ரெய்னி என்றே கூப்பிட்டு, நேற்று வந்தவளுக்கு அவளையே கற்றுக்கொடுக்கவும் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? மாப்பிள்ளை வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்களாம். 'கம்பெனில ட்ரெய்னி' என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். படிப்பு முடியட்டும், பிறகு பேசலாம் என்று போய்விட்டார்கள்.

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பது ஆயுதபூஜை அன்று வரும். பொரி, சுண்டலோடு கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் நடு வரை ஒரு மாதத்துக்கு மேல் நின்றார்கள். சம்பளக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் முட்டுக்கட்டையாக நின்றது சங்கத்தை அங்கீகரிப்பது. அதிலும் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது, அது எங்கள் வணிகப்பெயர் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்றே பதிவானது. அந்த நாட்களில் எங்கள் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. பனியனிலும் தொப்பியிலும் அடையாள அட்டையிலும் கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டு நடமாடலாம், சங்கத்துக்கு மட்டும் வைக்கக்கூடாதாமே என்று ஒரு அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுப் பெயரைப் பிள்ளை போட்டுக்கொள்ளக் கூடாதென்றால் அது என்ன குடும்பம் என்பது அவர் கேள்வி.

நோக்கியாவில் இருந்தவர்களிடம் 'வாலண்டரி' என்று சொல்லிப் பாருங்கள். 2006-ல் தொடங்கிய தொழிற்சாலை, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தியை நிறுத்தியது. வரித் தகராறில் சொத்து முடங்கியதால் அது மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகவில்லை, ஆர்டரும் நின்றது. மூடுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வில் போனார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அப்படி வந்த அக்கா ஒருத்தர் எங்கள் செக்கர் போர்டில் இருந்தார். அந்த வார்த்தையை யாராவது சொன்னால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

கம்பெனி சொல்கிற வார்த்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பது இன்டர்வியூவில் தொடங்குகிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. கம்பெனி பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எங்களுக்கு அது செய்தியாகவே படவில்லை. மெட்டி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆன பிறகு கேன்டீன் வரிசையில் அடுத்தது காத்திருக்கும்: 'என்ன, விசேஷம் ஏதாச்சும் உண்டா?' பாசமாகத்தான் கேட்பார்கள். வாந்தி வந்தால் கேட்பார்கள், லீவு போட்டால் கேட்பார்கள், கொஞ்சம் சதை போட்டாலும் கேட்பார்கள். விசேஷம் இல்லாமல் ஆறேழு வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடந்த ஒருத்தி, தினமும் கடைசி ஆளாகத் தட்டெடுக்கப் போவாள்.

அதைவிடக் கொடுமை 'எந்த ஊரு?' ஊர் பெயரைச் சொன்னால் நிற்காது. 'ஊருல எந்தப் பக்கம்?' என்று வரும். அதுவும் போதாமல் 'ஊருக்குள்ளயா, காலனியா?' என்று இறங்கும். டிபன் பாக்ஸைத் திறந்து பகிரும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் சிலருக்கு. 2025 ஏப்ரல் 29 அன்று, வசைச்சொல்லாக மாறிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. எங்கள் பஸ் ரூட் சீட்டில் ஒரு ஸ்டாப்பின் பெயரில் காலனி இருந்தது. இரண்டு பெண்கள் டிரான்ஸ்போர்ட்டில் போய்ப் பேசி 'மாரியம்மன் கோயில் ஸ்டாப்' என்று மாற்றிவிட்டார்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தவர் ராமானுஜர் என்பது வைணவ வழக்கு. அவர் பிறந்தது இந்த ஸ்ரீபெரும்புதூரில்தான். அவர் கோயிலைக் கடந்துதான் பாதிப் பஸ் போகிறது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு வேறு பட்டம்: 'லோக்கல்'. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் போனவர்களின் பிள்ளைகள் வேலை கேட்டுப் போனால், லோக்கல் பசங்க பிரச்சினை பண்ணுவாங்க என்று கான்ட்ராக்டர் முகத்துக்கு நேரே சொல்வார். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு 'வடக்கன்'. இந்த இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். எங்கள் லைனுக்கு வந்த ஒடியாப் பெண் ஒருத்தியிடம் தமிழில் என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் முதலில் கற்றது 'சீக்கிரம்'. இரண்டாவது 'சீக்கிரம் சீக்கிரம்'. 'சாப்பிட்டியா' என்பது மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

இவற்றில் ஏதாவது மாறியதா என்றால், ஒன்று மாறியது. சஜஷன் பெட்டியில் யாரோ துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள், 'கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்?' என்று. பெயர் போடவில்லை. கைசென் மீட்டிங்கில் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த பிளான்ட் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, கேள்வி சரிதானே என்றார். அதன் பிறகு ஓ.டி. வேண்டுமென்றால் காலை பதினொரு மணிக்குள் போர்டில் எழுத வேண்டும்: எத்தனை பேர், எத்தனை மணி வரை, திரும்பப் போக எந்த பஸ். வர முடியாதவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்டால் போதும், காரணம் கேட்கக்கூடாது. முதல் வாரம் கோடுகளாகவே இருந்தது. பிறகு பஸ் உறுதி என்று தெரிந்ததும் பணம் தேவைப்படுகிறவர்கள் தாங்களே வந்து பெயர் எழுதினார்கள். டிஸ்பேட்ச் தடுமாறவில்லை. மாசக் கடைசியில் மட்டும் பதினொரு மணி கழிந்து வந்து நிற்பார்கள். அப்போது பழைய பாட்டுத்தான்.

ரிலீவர் இன்னும் ஒரே ஆள்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'வெளியேறும் காரணம்' என்ற இடத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள். எழுதச் சொல்வதே எச்.ஆர்.தான், செட்டில்மென்ட் சிக்கலில்லாமல் வரும். அந்த ஃபைலைப் புரட்டினால் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் சொந்த வாழ்க்கையில் மட்டும்தான் பிரச்சினை என்று தோன்றும். பதினாலாவது ஸ்டேஷனில் இருந்த செய்யாறுப் பெண் போகும்போது அந்த இடத்தில் நாலு வரி எழுதிவிட்டாள். 'இப்பத்தானே போனே'ன்னு கேட்டது, எத்தனை பேர் முன்னால் கேட்டது, எல்லாம். எச்.ஆர். தம்பி திருப்பிக் கொடுத்து, 'அக்கா, பர்சனல் ரீசன்னு போட்டாத்தான் சிஸ்டம் எடுக்கும்' என்றான். அவள் கோபப்படவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, 'சொந்தக் காரணம்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'மூத்திரம்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

'மேடம், இதை எந்தக் கேட்டகிரில ஏத்துறது?'

'சொந்தம்னுதானே எழுதியிருக்கா. அதுலயே ஏத்து' என்றேன்.